டாக்டரம்மா பேசுகிறார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு லிஃப்ட்டுக்குக் குரல் கொடுத்தேன். 'கதவு மூடுகிறது', 'கதவு திறக்கிறது', பிறகு தரைத்தளத்திலிருந்து ஒவ்வொரு மாடியாக. சிரிக்காமல் சொல்ல வேண்டும், ஆனால் சிரித்த முகம் தெரிய வேண்டும் என்றார் கட்டடக்காரர் அனுப்பிய ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பதினொன்றாம் மாடியில் மட்டும் ஏதோ குறை கண்டுபிடித்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி தையல் மிஷினை நிறுத்திவிட்டு முழங்கையைக் காட்டினாள். கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டாளாம். கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. எல்லாம் அந்த மாத்திரையால்தான் என்கிறாள். இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியது. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டில் கீரை கூடினாலும் டாக்டரிடம் திட்டு, குறைந்தாலும் திட்டு.

"உயிரைக் காப்பாத்தற மாத்திரைதான், இல்லேங்கல. ஆனா கட்டின புருஷன் மாதிரி. பிடிக்குதோ பிடிக்கலையோ, தினமும் அது மூஞ்சியில முழிச்சாகணும்" என்றாள். அண்ணன் கையிலிருந்த பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான்.

படியேறும்போது, "ரேடியோ, மாடி வந்ததும் சொல்லு" என்று பின்னாலிருந்து அவள் குரல். இந்த வீட்டில் என் பெயர் ரேடியோ. நாற்பத்தொரு வயதில் கல்யாணம் வேண்டாமென்று மாடியறையில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாருக்கு மற்ற வீடுகளில் இதைவிட மோசமாகப் பெயர் வைப்பார்கள்.

மார்ச் 7, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், மௌனம். வீட்டுக்கே விடுமுறை என்கிறாள் அண்ணி.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் கீழே போனேன். அண்ணி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷி, நிதானமாக, தாழ்ந்த குரலில். "ஷ்ஷ், டாக்டரம்மா பேசறாங்க, கேளு" என்றாள்.

'முப்பது வருஷமா ஆஸ்பத்திரியில வேலை பார்த்த டாக்டர் பேசறேன். மனசாட்சி உறுத்துது, அதனால சொல்றேன். ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற மாத்திரை, எலியைக் கொல்றதுக்கு வெச்ச விஷம். இதை எந்த ஆஸ்பத்திரியும் உங்ககிட்ட சொல்லாது...'

அது நான்.

முதலில் ஏதோ தெரிந்த குரல் என்றுதான் நினைத்தேன். 'உங்ககிட்ட' என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் வந்தது. அந்த நிறுத்தத்தை நான்தான் வைத்தேன், வேண்டுமென்றே. அங்கே நிறுத்தினால் கேட்பவர் காதைக் கிட்டே கொண்டுவருவார்.

போன வருஷம் மழைக்காலத்தில் பதிவு செய்தது. ஏதோ ஒரு நலவாழ்வு அறக்கட்டளையின் விழிப்புணர்வு நாடகம் என்றார்கள். இரண்டு பாதி. முதல் பாதியில் ஒரு போலி டாக்டர் பயமுறுத்துவார். இரண்டாம் பாதியில் நிஜ டாக்டர் வந்து ஒவ்வொரு பொய்யாக உடைப்பார், 'அளவு மாறினால் உப்பும்தான் விஷம்' என்பார். இரண்டுமே நான்தான். முதல் குரலுக்கு வயதைக் கூட்டி, அடித்தொண்டையில் பேசினேன். முதல் பாதி நம்பும்படி இருந்தால்தான் இரண்டாம் பாதி எடுபடும் என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். நானும் நன்றாகச் செய்தேன். அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணியின் போனில் இரண்டாம் பாதி இல்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆண்குரல்: ரத்தத்தை இயற்கையாகவே சீராக்கும் மூலிகைப் பொடிக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

"எவ்ளோ நிதானம் பாரு. பெத்த பொண்ணுகிட்ட சொல்ற மாதிரி சொல்றாங்க" என்றாள் அண்ணி.

வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் என் குரலைக் கேட்கிறவளுக்குத் தெரியவில்லை. அது நிம்மதியா, பயமா? இரண்டும்தான்.

மார்ச் 10, திங்கள்

ஸ்டூடியோக்காரரிடம் போனேன். அவர் அந்த ஆடியோவை ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இரண்டாம் பாதியைக் கொடுங்கள், நானே போட்டுக் காட்டுகிறேன் என்றேன். பதிவை அவர்களிடம் ஒப்படைத்ததும் இங்கே அழித்துவிட்டாராம், எப்போதும் அப்படித்தானாம். அந்த அறக்கட்டளையின் எண்ணைக் கூப்பிட்டோம். உபயோகத்தில் இல்லை. அந்தச் செய்தியைக்கூட என் தொழில்காரி ஒருத்திதான் இனிமையாகச் சொன்னாள்.

"நாம குரல் குடுக்கறவங்கம்மா. கருத்து அவங்களுது. எழுதினவனை விட்டுட்டுப் படிச்சவங்களையா பிடிப்பாங்க? நாலு நாள்ல அடங்கிடும். நீங்களா போயி வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க."

கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

டீவியிலும் வந்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: 'மாத்திரையா? எலி விஷமா?' பின்னணியில் என் குரல், முன்னால் ஓர் எலியின் படம். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் விளம்பர இடைவேளை வந்தது.

அந்தச் சேனலில் செய்தி வாசிக்கிறவள் என்னோடு ஒரே நாளில் தொழிலுக்கு வந்தவள். போன் செய்து, இது பொய்யென்று உனக்கே தெரியுமே என்றேன். "நாங்க எங்கடி சொன்னோம்? கேள்விதானே கேட்டோம்" என்றாள். கேள்விக்குறி நல்ல குடை. அதற்கடியில் எந்தப் பொய்யும் நனையாமல் நடந்து போய்விடலாம்.

நான்தான் அந்தக் குரல் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கே கார் அனுப்பியிருப்பாள்.

மார்ச் 12, புதன்

அண்ணன் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் நேரே மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள். அலமாரியில் அம்மாவின் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறதாம். "போன வாரமே நிறுத்திட்டாங்க போல, அத்தை. கேட்டா, உடம்பு லேசா இருக்குங்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தபோது அண்ணி அதை முதல் தடவையாகக் கேட்கவில்லை. அதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறாள். அன்றைக்கு எனக்குப் போட்டுக் காட்டியது சம்மதம் கேட்கத்தானா? நான் மறுக்கவில்லை. இருமிவிட்டு வந்தேன்.

கீழே ஓடினேன். துணி கொடுக்க வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, அந்த ஆடியோ பொய், அண்ணி, மாத்திரையைப் போடுங்க என்றேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்றாள், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல். கேள்விப்பட்டேன் என்றேன்.

கேள்விப்பட்டேனாம்!

அண்ணன் மிரட்டிப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டரையே நேரில் கேட்டுக்கொள்கிறேன், அதுவரை யாரும் என் வாயில் எதையும் திணிக்க வேண்டாம் என்றாள். அவள் முட்டாள் இல்லை. பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிறவள். அலுத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட்டாள். அந்த வாய் என்னுடையது.

மார்ச் 13, வியாழன்

சுகாதாரத் துறை மறுப்பு அறிக்கை விட்டது. அப்பாடா என்று உட்கார்ந்து படித்தேன். மாத்திரையைப் பற்றி ஒரே ஒரு வரி. மிச்சமெல்லாம் குரலைப் பற்றி. அது மனிதக் குரலே இல்லையாம். கம்ப்யூட்டரால் தயாரித்த போலிக் குரல் என்று வல்லுநர் குழு உறுதி செய்துவிட்டதாம். அப்படிப் பேசிய நபர் எவரும் கிடையாதாம்.

சிரிப்பு வந்தது. நிலைக்கவில்லை.

ஏனென்றால் கீழே அண்ணி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு ஆடியோவை மறுபடி போட்டாள். அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "இந்த இடத்துல கேளுங்க. எச்சில் முழுங்கற சத்தம். இதோ, மூச்சு வாங்குது. மிஷினு எச்சில் முழுங்குமா? ரத்தமும் சதையுமா ஒரு பொம்பளை பேசறா, ஆளே இல்லேங்கறானுங்க. இதுலயே பொய் சொல்றவன் மாத்திரையில மட்டும் உண்மை சொல்வானா?"

அவள் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் சரி. முடிவு மட்டும் தப்பு.

நாளைக்குத் துறை அலுவலகத்துக்கே போகிறேன். அறிக்கையைத் திருத்தினால் அண்ணி நம்புவாள். அவளை மாதிரி இருக்கிற மற்றவர்களும் நம்புவார்கள்.

மார்ச் 14, வெள்ளி

செய்தித் தொடர்பு அதிகாரியின் அறை. குளிர்சாதனம், ஒரு செயற்கைப் பூந்தொட்டி, சுவர் முழுக்கப் பரிசுக் கேடயங்கள். காத்திருக்கவே விடவில்லை. டீ வந்தது. நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். நம்பவில்லையோ என்று அந்த முதல் வரியை அந்தக் குரலிலேயே சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஆனா அறிக்கை போயிடுச்சே. இப்போ ஆள் இருக்காங்கன்னு நாங்களே சொன்னா, துறை பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும். அப்புறம் தடுப்பூசின்னு சொன்னாக்கூட ஒருத்தன் நம்ப மாட்டான். மக்கள் குழம்பிடுவாங்கம்மா. பொதுநலம்னு ஒண்ணு இருக்கில்ல?"

வல்லுநர் குழு யாரென்று கேட்டேன். கோப்பையைச் சாஸர் மேல் சரியாக நடுவில் வைத்தார். நேரம் இல்லை, மேலேயிருந்து உடனே அறிக்கை கேட்டார்கள், இப்போதெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்தானே என்று சொன்னார்கள், போட்டோம் என்றார். மறைக்கவேயில்லை. இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் வாயை மூடச் சொன்னதில்லை.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணியின் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அண்ணி, அந்த டாக்டரம்மா நான்தான்" என்றேன். அவள் சிரித்தாள். நான் அடித்தொண்டைக்குப் போய், 'முப்பது வருஷமா ஆஸ்பத்திரியில வேலை பார்த்த டாக்டர் பேசறேன்' என்று தொடங்கினேன்.

மிஷின் மிதியில் அவள் கால் நின்றது.

நாடகம், இரண்டு பாதி, அறக்கட்டளை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஞாயித்துக்கிழமை நீ இருமினது?" என்பதுதான். தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"சரி, குரல் உன்னுது. எழுதினவன் டாக்டராயிருக்கலாமில்ல?"

"இல்ல அண்ணி, ரெண்டாவது பாதியில அதைத்தான் சொல்லியிருக்கு—"

"எங்க அந்த ரெண்டாவது பாதி?"

அதைக் கையில் கொடுக்க முடிந்தால்! "ஊரே பொய் சொல்லுதுன்னா சொல்லட்டும். நீ என் வீட்டு ரேடியோடி" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போ. போட்டுக்கறேன் மாத்திரையை."

அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதறேன். என்ன எழுதறதுன்னு தெரியல. எழுதாம இருந்தா கத்திடுவேன் போல இருக்கு.

காலையில மிஷின் ஓடற சத்தம் கேட்டுது. துணி முடிஞ்சும் ஓடிட்டே இருந்துது. எட்டிப் பார்த்தேன். காலு மிதிச்சிட்டே இருக்கு, வலது கை மடியில கிடக்குது. அண்ணீன்னேன். திரும்பினாங்க. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துது. ஏதோ சொன்னாங்க, வார்த்தையா இல்ல அது, வெறும் சத்தம். நான் போட்ட கத்தலில் அண்ணன் மகள் ஓடி வந்தாள். அவள்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். எனக்கு எண் ஞாபகமில்லை. அந்த எண்ணுக்கு விளம்பரம் பேசினவளே நான்தான். ஞாபகமில்லை.

வால்வில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். தொடை வழியாகக் குழாய் விட்டு எடுக்கிறார்கள்.

"நேத்து ராத்திரி என் கண்ணு முன்னாடிதான் மாத்திரை போட்டாங்க, டாக்டர்" என்று அண்ணன் மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பயிற்சி டாக்டர் சின்னப் பெண், கண்ணெல்லாம் தூக்கம். "அது வேலை செய்ய நாளாகும்மா" என்றாள், மெதுவாக.

நாளாகும். நான் வீணாக்கினேனே, அந்த நாட்கள்.

மார்ச் 16, ஞாயிறு

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது பக்கமும் பேச்சும் போகப் போகத்தான் தெரியும்.

இந்த வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களில் அண்ணி முதல் ஆளில்லை என்றாள் அந்தச் சின்ன டாக்டர். அதை வெளியே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். மேலே எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரி பெயர் அடிபடும், நோயாளிகள் பயந்துவிடுவார்கள், பொறுங்கள் என்று பதில் வந்ததாம். ஆக, பொய் தெருத் தெருவாக ஓடுகிறது. உண்மை அனுமதிக்குக் காத்திருக்கிறது.

வராந்தாவில் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஞாயித்துக்கிழமையே தெரியுமா?" தெரியும் என்றேன். எழுந்து போய் எதிர் வரிசையில், எனக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணன் மகள் போனைப் பிடித்துக்கொள்ள, மாடியறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று பேசினேன். ஒப்பனை இல்லை, எழுதி வைத்துப் படிக்கவில்லை. நான் டாக்டர் இல்லை, குரல் கொடுப்பவள். அதே வரியை அதே குரலில் சொல்லிக் காட்டினேன். பிறகு என் குரலில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், நிறுத்திய என் அண்ணி இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"அத்தை, நிஜமாவே அனுப்பிடட்டுமா? அனுப்பினா திரும்ப வாங்க முடியாது" என்றாள்.

அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

வந்த பதில்களிலிருந்து: எவ்வளவு வாங்கினாள் இவள்? மருந்துக் கம்பெனியின் கைக்கூலி. முகமும் கம்ப்யூட்டர்தான், கண் சிமிட்டுவதைப் பாருங்கள். பாவம், நிஜ டாக்டரம்மாவை என்ன செய்தார்களோ.

அதிகம் பேர் சொன்னது இது: அப்படி ஒரு ஆளே கிடையாது என்று அரசாங்கமே அறிக்கை விட்டாயிற்று, இவள் யார் புதிதாக?

முதல்நாள் வரை அந்த அறிக்கையைக் காறித் துப்பியவர்கள்தான். என்னை அடிக்க மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதிகாரி போன் செய்தார். மரியாதை குறையவில்லை, ஆனால் டீ கொடுக்கும் குரல் இல்லை. சேனல்காரி போன் செய்தாள். இன்று மாலை நேரலைக்கு வர வேண்டுமாம். தலைப்பு தயாராம்: 'நிஜ டாக்டரா? நாடக நடிகையா?' வரமாட்டேன் என்றேன். "அப்போ வர மறுத்தாங்கன்னு போட்டுக்கறேன்" என்றாள். அதிலும் பொய் இல்லை, பார்.

ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கே வந்தார். லிஃப்ட்காரர்கள் வேறு குரல் கேட்கிறார்களாம். என் குரலைக் கேட்டால் ஜனங்களுக்கு எலி ஞாபகம் வருகிறதாம். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நான் உங்களுக்கு அன்னைக்கே போன் பண்ணியிருக்கணும்மா" என்றார். இவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்திருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

அண்ணி கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 28, வெள்ளி

துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அறிக்கை அங்கேயே இருக்கிறது. அதே தேதி, அதே முத்திரை. கம்ப்யூட்டர் குரல் என்ற பத்தியை மட்டும் காணோம். நீக்கியதாகவோ திருத்தியதாகவோ எங்கும் இல்லை. பல்லைப் பிடுங்கிவிட்டு, அங்கே பல்லே முளைக்கவில்லை என்கிற மாதிரி.

மாத்திரையைப் பற்றி இப்போது நான்கு வரி. நல்ல வரிகள். இதைத்தானே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்? அண்ணியின் கையில் கொடுத்தால் படிப்பாளா? படிக்கத் தெரிகிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. வலது கை பிடிக்கவில்லை. பேசுவது புரிகிறது, சொல்ல வருவது வாயில் வேறாக வருகிறது. தண்ணீர் கேட்க நினைத்து 'பொத்தான்' என்கிறாள். தப்பாக வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிகிறது. அதுதான் பார்க்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்திருந்தாள். தினமும் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்கப் பொறுமையான ஆள் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அண்ணன் என் பக்கம் திரும்பினான், ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு முதல் தடவையாக.

"பேசறதைத் தொழிலா வெச்சிருக்கவ நீதானே."

குத்தினானா, கொடுத்தானா? இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ப, ம, பா, மா. கண்ணாடி முன்னால் இரண்டு பேரும். அவள் உதட்டை விரலால் குவித்துவிடுகிறேன். கையைத் தட்டிவிடுகிறாள், இடது கையில் பலம் ஜாஸ்தி. இன்றைக்கு ஸ்பூன் பறந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

'போ' என்றாள். என்னைப் பார்த்து, தெளிவாக, எழுத்துப் பிசகாமல். சொன்னதும் அவளுக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். "போ, போ, போ." சமையலறையில் அண்ணன் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பாதி வாயால். நானும் சிரித்தேன், மூக்கு ஒழுக.

மே 6, செவ்வாய்

எனக்கு இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வேலை. போனை எடுத்து நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கும் என் குரல் தெரியவில்லை. ஒரே ஒரு கிழவர் மட்டும், "எங்கியோ கேட்டிருக்கேனே" என்றார். சாமர்த்தியமாகப் பல்வலியைப் பற்றிக் கேட்டுத் திருப்பிவிட்டேன்.

அண்ணன் மகள் இன்னொரு ஆடியோ கொண்டுவந்தாள். அதே டாக்டரம்மா. இப்போது சர்க்கரை வியாதி மாத்திரையைப் பற்றிப் பேசுகிறாள், நான் ஒருபோதும் சொல்லாத வரிகளை, என் மூச்சோடு, என் நிறுத்தங்களோடு. இந்தத் தடவை நிஜமாகவே கம்ப்யூட்டர். துறை அன்றைக்குச் சொன்ன பொய்யை யாரோ உழைத்து உண்மையாக்கிவிட்டார்கள்.

மறுபடி அந்த வெள்ளைச் சுவர் முன்னால் நின்று பேசினேன். பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். இனிமேல் ஒவ்வொரு தடவையும் நின்று பேசிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். வேறென்ன வழி?

ஜூன் 12, வியாழன்

அண்ணியை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அண்ணனுக்கு வேலை. என்னோடு தனியாக அவள் வெளியே வருவது இதுதான் முதல் தடவை. ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும், நான் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். பக்கத்தில் ஒரு பெண், என் வயதிருக்கும், தனியாக வந்திருந்தாள். போனைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் குறைவுதான், ஆனாலும் எனக்குத் தெரியாதா? பழைய ஆடியோ. 'மனசாட்சி உறுத்துது, அதனால சொல்றேன்.'

அண்ணிக்கும் கேட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடம் சொல்ல என்னவெல்லாமோ மனதில் ஓடியது. இத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லி வரிசை மாறாமல் மனப்பாடம். வாயைத் திறந்தேன். அண்ணி இடது கையால் என் தொடையைத் தட்டி, சும்மா இரு என்று சைகை காட்டினாள்.

அந்தப் பெண் எங்களைக் கவனித்துவிட்டு, போனைத் தாழ்த்தினாள். "நீங்களும் இந்த மாத்திரைதானா? எனக்குச் சாப்பிடவே பயமாயிருக்குங்க. இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்திடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன பண்றீங்க?"

அண்ணி அவள் பக்கமாக முழு உடம்பையும் திருப்பினாள். உதட்டைக் குவித்தாள். வரவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் காத்திருந்தாள், முதலில் மரியாதைக்கு, அப்புறம் ஏதோ புரிந்து.

"நா...ன்" என்றாள் அண்ணி. மூச்சு எடுத்துக்கொண்டாள். மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி அவளுக்கு நேராக வைத்துக் காட்டினாள். "நிறு...த்தினேன்."

அந்தப் பெண் கையைப் பார்த்தாள். அண்ணியின் வாயைப் பார்த்தாள். போனில் டாக்டரம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், நிதானமாக, ஒரு பிசிறில்லாமல். அந்தப் பெண் அதை நிறுத்தினாள்.

பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். "காலையில போடலைங்க. இப்போ போடலாமா, இல்ல டாக்டரைக் கேட்டுட்டா?" என்று கேட்டாள். என்னைப் பார்க்கவேயில்லை, அண்ணியைத்தான் கேட்டாள்.

"கே...ளு" என்றாள் அண்ணி.